நனைந்த வாடிக்கையாளர் அவர்களுக்கு

"நாப்பத்திரெண்டு! ஒரே வாரத்துல நாப்பத்திரெண்டு புகார்!" மேனேஜர் பதிவேட்டை மேஜையில் போட்ட வேகத்தில் பேனா ஸ்டாண்டு ஒரு துள்ளு துள்ளியது. "நம்ம குடை மழையில பிடிச்சா சாயம் போகுதாம். வெயில்ல பிடிச்சாலும் சாயம் போகுதாம். அப்ப அதை எங்கதான்யா பிடிக்கிறது?"

"சாரி சார்," என்றார் புகார்ப் பிரிவு எழுத்தர்.

அந்தக் குடைக் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பத்தொன்பது வருடமாக வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் இதையே சொல்லிச் சொல்லி, 'சாரி சார்' என்பதே அவர் பெயராகிவிட்டது. புகார்ப் பிரிவு என்றதும் பெரிய கூடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, உடைந்த குடைகள் செருகிய ஒரு டிரம், ஒரு பதிவேடு. பிரிவின் தலைவரும் அவரே, ஒரே ஊழியரும் அவரே. விடுமுறை வேண்டுமென்றால் விண்ணப்பத்தைத் தானே எழுதித் தானே பரிந்துரை செய்துகொள்வார்.

பதிவேட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. கம்பெனியை ஆரம்பித்தவர் போட்டது. வெளியிலிருந்து வரும் எந்தக் கடிதமானாலும் அதில் 'குடை' என்ற சொல் இருந்தால் அதற்கு ஒரு புகார் எண் கொடுத்தே ஆகவேண்டும். திட்டியிருக்கிறார்களா, கொஞ்சியிருக்கிறார்களா என்று பார்ப்பது எழுத்தரின் வேலை அல்ல. கம்பெனியை ஆரம்பித்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், சட்டம் மட்டும் கல்லுக்குண்டாக இருக்கிறது.

"போன வாரம் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன்," என்றார் மேனேஜர். "அங்க ஒருத்தர் சொன்னார். கையால எழுதின கடிதத்துல ஒரு உயிர் இருக்காம். படிச்சதும் கோபம் அப்படியே இறங்கிடுமாம். இனிமே அச்சடிச்ச பதில் கிடையாது. எல்லாருக்கும் நீங்க கையால எழுதுறீங்க."

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கும் சார். ஆனா என்னத்தை எழுதுறது?"

"மனசுல பட்டதை எழுதுங்க."

மேனேஜர் செய்த தப்பு இதுதான். சாரி சாரிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பத்தொன்பது வருடமாக உள்ளே போய் அடைந்தது எல்லாம் வெளியே வருவதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தது.

அன்று மாலை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். காபி ஆறியது. மனைவி இரண்டு முறை சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள், இரண்டு முறையும் ஆறியது. மூன்றாவது முறை வந்தவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஒரு கடிதத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தாள்.

"'அன்புள்ள ஐயா, பேருந்து நிறுத்தத்தில் உங்கள் குடை காற்றில் தலைகீழாக மடங்கியபோது சுற்றியிருந்தவர்கள் சிரித்ததாக எழுதியிருந்தீர்கள். நனைவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நனைவதை நாலு பேர் வேடிக்கை பார்ப்பதைத் தாங்க முடியாது. அந்த நேரத்தில் உங்கள் பக்கத்தில் நின்று நானும் நனைந்திருக்கலாமே என்று தோன்றுகிறது...'"

அவள் கடிதத்தைக் கீழே வைத்தாள்.

"இதை நீங்களா எழுதினீங்க?"

"ஆமா."

"யாருக்கு?"

"யாரோ ஒருத்தர். மாடல் நம்பர் நாலு."

"இருபத்தெட்டு வருஷத்துல எனக்கு ஒரு வரி எழுதினதில்லையே நீங்க?"

சாரி சாருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "உனக்கு எதுக்கு எழுதணும்? நீ அடுப்படியிலதானே இருக்கே. கூப்பிட்டா கேக்குமே."

அன்று பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன. சாரி சார் அடுத்த கடிதத்தில் மூழ்கியிருந்ததால் அது காதில் விழவில்லை.

அடுத்த வாரம் புகார் எழுபத்தொன்று.

வாசல் புகார்ப் பெட்டி மூட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சாரி சார் ஒவ்வொன்றாகப் பிரித்தார். மாடல் நம்பர் நாலுக்காரர், 'உங்கள் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதே குடை நேற்று மறுபடியும் மடங்கியது, சந்தோஷமாக இருந்தது' என்று எழுதியிருந்தார். ஓர் அம்மாள், 'என் குடை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்கு வந்த மாதிரி எனக்கும் ஒரு கடிதம் வேண்டும். அவசியமென்றால் ஒரு கம்பியை உடைத்துவிட்டு எழுதுகிறேன்' என்று கேட்டிருந்தாள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சாரி சாரின் கடிதத்தையே சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார். 'பத்துக்கு ஒன்பதரை. இரண்டாம் பத்தியில் ஒரு முற்றுப்புள்ளியைக் காணோம். குடை பற்றிக் குறை ஒன்றுமில்லை.'

குறை ஒன்றுமில்லை. ஆனால் 'குடை' இருக்கிறதே. எண் கொடுக்கப்பட்டது.

மேனேஜர் இந்த முறை பதிவேட்டைத் தூக்கிப் போடவில்லை. மெதுவாக வைத்தார். அதுதான் பயமாக இருந்தது.

"சாரி சார், தலைமை அலுவலகத்துல கேக்குறாங்க. மாசக் கடைசி வாரம் பார்ப்பேன். அந்த வாரத்துல புகார் பத்தைத் தொட்டுச்சுன்னா இங்க புகார்ப் பிரிவே கிடையாது. உங்களைக் கைப்பிடி செய்யுற மலை ஆலைக்கு மாத்திடுவேன்."

"மலைக்கா?"

"ரயில்ல ஒரு ராத்திரி, அப்புறம் பஸ்ஸுல அரை நாள். தங்குறதுக்கு ஒத்தை ரூம். குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக வசதி கிடையாது. போன் சிக்னலும் கிடையாது."

சாரி சார் அன்று வீட்டுக்கு வந்த நடையைப் பார்த்திருந்தால் உங்களுக்கே பாவமாக இருந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள்கூட அவர் மனைவியைப் பிரிந்து இருந்ததில்லை. அவள் பிறந்த வீட்டுக்குப் போனால் இவரும் பின்னாலேயே போய் அங்கே ஒரு மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். அவளோடு அதிகம் பேசுவார் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அவள் நடமாடும் சத்தம் காதில் விழாவிட்டால் அவருக்குச் செய்தித்தாளில் எழுத்து ஓடாது.

"மலைக்கு மாத்திடுவாராம்," என்றார் அடுப்படி வாசலில் நின்று. "தனியாத்தான் போகணுமாம். போன்கூட எடுக்காதாம். ஏதாவது சொல்லணும்னா கடுதாசிதானாம்."

மனைவியின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"கடுதாசியா?"

"வாரத்துக்கு ஒரு தடவை தபால் வண்டி வருமாம்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இடிந்துபோய்விட்டாள் என்று நினைத்து சாரி சார் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினார்.

"எவ்வளவு புகார் வந்தா மாத்துவாராம்?"

"பத்து. குடைன்னு ஒரு வார்த்தை இருந்தாலே கணக்குல சேர்ந்துடும். நீ கவலைப்படாதே. நான் போகவே மாட்டேன். எப்பாடு பட்டாவது தடுத்துடறேன்."

"அங்க குளிருமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை அவருடைய ஸ்வெட்டர் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எதற்கும் துணிந்து நிற்கிறாளே என்று சாரி சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.

கடிதம் இனிப்பதால்தானே எறும்பு மொய்க்கிறது, இனிமேல் உப்புச் சப்பில்லாமல் எழுதுவோம் என்று முடிவு செய்தார். 'உங்கள் கடிதம் கிடைத்தது. கவனிக்கிறோம்.' அவ்வளவுதான். எழுபத்தொரு பேருக்கும் அதே நான்கு சொல்.

தொண்ணூறு கடிதம் வந்தது.

எல்லோரும் பதறிப்போயிருந்தார்கள். 'உங்களுக்கு என்ன ஆயிற்று? வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா?' என்று கேட்டார்கள். கண்ணாடிச் சட்டக்காரர் தன் குடும்ப டாக்டரின் முகவரியை அனுப்பினார். தலைமையாசிரியர் தைலப் புட்டி ஒன்றோடு, 'மணிக்கட்டில் சூடு பறக்கத் தேய்க்கவும். குடையை மறந்து ஓய்வெடுக்கவும்' என்று எழுதியிருந்தார். மறக்கச் சொன்னாலும் எழுதிவிட்டாரே, அதற்கும் ஓர் எண் போனது.

அந்தக் கடிதங்களுக்கு நடுவில்தான் புதிதாக ஒன்று இருந்தது. முகவரி ஏதோ ஒரு தையல் கடை. கீழே, 'இப்படிக்கு, நனைந்த வாடிக்கையாளர்.'

'உங்கள் கம்பெனிப் பதில் ஒன்றைப் பார்த்தேன். அதில் நான்கு சொற்கள் இருந்தன. பேசத் தெரியாதவர் என்றால் மன்னித்துவிடலாம். பேசத் தெரிந்தும் பேசாதவரை என்ன செய்வது? என் வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லாததால் உங்கள் குடை விரியும் சத்தம் பெரிதாகக் கேட்டுத் தூக்கிவாரிப் போடுகிறது. இது தயாரிப்புக் குறையா, என் குறையா என்று தெரிவிக்கவும்.'

சாரி சாரால் இதற்கு நான்கு சொல்லில் பதில் எழுத முடியவில்லை. நான்கு பக்கம் எழுதினார். குறை உங்களுடையது அல்ல, சத்தியமாக அல்ல என்று மூன்று இடத்தில் எழுதினார். எழுதிவிட்டு மனைவியிடமும் சொன்னார்.

"பாவம், யாரோ தனியா இருக்குற பெரியவர்."

"பெரியவர்னு எப்படித் தெரியும்?"

"எழுத்துலயே தெரியுதே. பேசுறதுக்கு வீட்டுல ஒரு நாதி இல்லைபோல. கேக்கும்போதே மனசைப் பிசையுது."

"பிசையுதா?"

"ரொம்ப."

"நல்லா பிசையட்டும்," என்று சொல்லிவிட்டு, அவள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

அடுத்த யோசனை வாட்ச்மேனைப் பார்த்ததும் வந்தது. வாட்ச்மேன் எழுதியதை வாட்ச்மேனாலேயே படிக்க முடியாது என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். வருகைப் பதிவில் அவர் எழுதிய ஒரு வண்டி எண்ணைக் கண்டுபிடிக்க ஒருமுறை மூன்று பேர் உட்கார்ந்து தோற்றுப்போனார்கள். கோழிக் கிறுக்கலில் பதில் போனால் எவன் பிறகு ஆசைப்பட்டு எழுதுவான்?

"நான் சொல்லச் சொல்ல எழுதுங்க," என்றார் சாரி சார்.

"எனக்கா சார்? என்னை நம்பி எழுத்து வேலை குடுக்குறீங்களா?" வாட்ச்மேன் நெகிழ்ந்துபோய், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று நாள் எழுதினார்.

நாலாவது நாள் கம்பெனி வாசலில் வரிசை நின்றது. எல்லோர் கையிலும் வாட்ச்மேனின் கடிதம்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. ரெண்டு நாளா வீட்டுல யாரும் தூங்கல."

"இது 'அன்பு'ங்குறார் என் மருமகன். நான் 'வம்பு'ங்குறேன். வீட்டுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னுபோச்சு."

நேரில் வந்தாலும் புகார்ச் சீட்டு நிரப்பித்தான் உள்ளே விடவேண்டும் என்பதும் கம்பெனி ஆரம்பித்தவரின் சட்டம்தான். சீட்டின் தலைப்பிலேயே 'குடை' என்று அச்சடித்திருந்தது. அந்த வாரம் நூற்றுப் பன்னிரண்டு. வந்தவர்களில் யாருக்கும் எதுவும் படித்துச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் வாட்ச்மேன் தானே எழுதியதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என் கையெழுத்தே இல்ல சார்," என்று ஒதுங்கிக்கொண்டார்.

சாரி சாருக்கு வேறு வழி தெரியவில்லை. உண்மையை எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தார். தன் கையாலேயே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

'அன்புள்ள நண்பர்களே, நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதமும் புகாராகப் பதிவாகிறது. மாதக் கடைசி வாரத்தில் பத்துப் புகார் வந்துவிட்டால் என்னை மலைக்கு மாற்றிவிடுவார்கள். எனக்கு மனைவி இருக்கிறாள். அவளை விட்டுவிட்டு இருக்க எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. என்மேல் பிரியம் இருந்தால் தயவுசெய்து எழுதாதீர்கள்.'

எழுதி முடித்தபோது வலதுகைக் கட்டைவிரல் வீங்கி, காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. தலைமையாசிரியரின் தைலம் உதவியது.

இரண்டே நாளில் நூற்றிரண்டு பதில்கள். 'இனிமேல் குடை பற்றி எழுதவே மாட்டோம் என்று உறுதி கூறுவதற்காகவே இக்கடிதம்.' சாரி சார் தலையில் கையை வைத்துக்கொண்டு நூற்றிரண்டுக்கும் எண் கொடுத்தார். நல்லவேளை, அது கடைசி வாரத்துக்கு முந்தின வாரம்.

கடைசி வாரம் பிறந்தது. திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறந்தால் காலி. உள்ளே ஒரு பல்லிதான் இருந்தது. சாரி சார் அந்தப் பல்லியைப் பார்த்துச் சிரித்தார். மனிதர்களுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு! நூற்றிரண்டு பேரும் வாயையும் பேனாவையும் மூடிக்கொண்டார்கள். வாசல் வரிசையில் வந்து பழக்கமான கண்ணாடிச் சட்டக்காரர்கூடத் தெருவில் அவரைப் பார்த்ததும் குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓடினார்.

மத்தியானம் பெட்டியில் ஒரு கடிதம் விழுந்தது. நனைந்த வாடிக்கையாளர்.

செவ்வாய்க்கிழமை இரண்டு. புதன்கிழமை இரண்டு. எல்லாம் அதே முகவரி, அதே கையெழுத்து. சாரி சார், எங்கேயாவது 'குடை' என்ற சொல் விட்டுப்போயிருக்காதா என்று ஒவ்வொரு வரியாகத் தேடினார். விட்டுப்போகவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் அந்தச் சொல்லுக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு வேறு போட்டிருந்தது.

"அந்தப் பெரியவருக்கு என் லெட்டர் கிடைக்கலையோ என்னவோ," என்று வீட்டில் புலம்பினார்.

"கிடைச்சிருக்கும்," என்றாள் மனைவி. அவள் அவருடைய துணிப்பெட்டிக்குப் பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டியா?"

"ஒரு முன்னேற்பாடுதான். கம்பளி வச்சிருக்கேன். காகிதம் ரெண்டு கட்டு வச்சிருக்கேன். நாலு பேனா வச்சிருக்கேன்."

"நீ வெளிய காட்டிக்காம இருக்கே. எனக்குத் தெரியாதா?" என்று சாரி சார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து இவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

வியாழக்கிழமை இரண்டு. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இன்னும் இரண்டு.

"ஒன்பது," என்றார் மேனேஜர் பதிவேட்டைப் பார்த்து. இந்த மூன்று வாரத்தில் அவருக்கே சாரி சார்மேல் ஓர் இரக்கம் வந்துவிட்டிருந்தது. "இன்னும் ஒண்ணு விழுந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அந்த ஆளை நேர்ல பார்த்துக் கால்ல விழுந்தாவது நிறுத்துங்க."

சாரி சார் அரை நாள் விடுப்புக்குத் தானே பரிந்துரை செய்துகொண்டு, தையல் கடையைத் தேடிக் கிளம்பினார். வழி முழுக்க, பெரியவரிடம் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்தார். ஐயா, உங்கள் தனிமை எனக்குப் புரிகிறது. ஆனால் அதே தனிமையை இன்னொருத்திக்குக் கொடுக்கலாமா? இந்த இடத்தில் அவருக்கே அழுகை வந்து, சைக்கிள்காரர் ஒருவர் நின்று "என்ன சார், அடிபட்டுச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

தையல் கடை என்பது ஓர் அறைதான். சுவர் முழுக்கத் தொங்கும் ரவிக்கைகள், ஒரு மெஷின், ஒரு சின்ன மேஜை. மெஷினில் கழுத்தில் அளவு டேப்போடு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நான் குடைக் கம்பெனியிலிருந்து..."

"தெரியுமே. சாரி சார்தானே? உட்காருங்க." அவள் மெஷினை நிறுத்தினாள். "உங்க லெட்டர் எல்லாம் படிச்சிருக்கேன். அந்த நாலு பக்க லெட்டருக்கு நான் ரெண்டு நாள் அழுதேன். ஒரு ரவிக்கைக்குக் கை மாத்தி வச்சுத் தச்சுட்டேன்."

"சாரிம்மா. அந்தப் பெரியவர் மாடியிலயா இருக்கார்?"

"எந்தப் பெரியவர்?"

"நனைந்த வாடிக்கையாளர். அவரை நான் பார்க்கணும். இந்த வாரம் ஒன்பது புகார் எழுதிட்டார். இன்னும் ஒண்ணு எழுதினா என்னை மலைக்கு அனுப்பிடுவாங்க. இருபத்தெட்டு வருஷத்துல ஒரு நாள்கூட என் வீட்டுக்காரியைப் பிரிஞ்சு இருந்ததில்லம்மா நான். எனக்காகக் கேக்கல. அவ தாங்க மாட்டா. வெளிய சிரிச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள உருகிட்டு இருக்கா. முந்தாநாள்கூட எனக்குத் தெரியாம முகத்தைத் திருப்பிக்கிட்டு அழுதா."

தையல்காரம்மா அவரையே பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. சிரிப்பு பீறிட்டு வந்து, குண்டூசி டப்பா கவிழ்ந்து, மெஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினாள். சாரி சார் பழக்கதோஷத்தில் "சாரிம்மா, சாரிம்மா" என்று சொல்லிக்கொண்டே குண்டூசிகளைப் பொறுக்கினார்.

"இங்க பெரியவர் யாரும் இல்ல சார்," என்றாள் அவள் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதோ, அந்த மேஜையில உக்காந்து எல்லாத்தையும் எழுதினது உங்க வீட்டம்மாதான்."

சாரி சார் கையில் குண்டூசிகளோடு அப்படியே குந்தியிருந்தார். இருபத்தெட்டு வருடத்தில் மனைவியின் கையெழுத்தைத் தான் பார்த்ததே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆனா... நான்தான் அவளுக்கு நாலு பக்கம் பதில் போட்டேனே?"

"அதைத்தான் நானும் கேட்டேன் சார். 'அது குடைக்கு எழுதினது, எனக்கு எழுதினது இல்ல. இந்த மனுஷன் பக்கத்துல இருக்குற வரைக்கும் எனக்கு ஒரு வரி எழுத மாட்டார், எப்படியாவது மலை ஏத்திவிட்டுடறேன்'னு சொல்லிட்டு, இப்பதான் பத்தாவதைப் பெட்டியில போடப் போனாங்க."